வண்டி ஓட்டுபவரும் வழி வகுப்பவரும்



வரலாறு என்றவுடன் நம் நெஞ்சில் தோன்றுவன அரசர்களின் பெயர்களும் போர்க்களங்களும் கோயிற் கல்வெட்டுகளுமே. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்று அவற்றையே நானும் கற்பித்தேன். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட வரலாறு வேறு வகையானது. நாள்தோறும் நாம் ஏறி இறங்கும் பேருந்தின் வரலாறு அது. அப்பேருந்து எவ்வழியாகச் செல்லவேண்டும், எந்நேரத்தில் புறப்படவேண்டும் என்பதை முடிவு செய்தவர் யார்? முடிவு செய்யும்போது கேட்கப்படாதவர் யார்? இக்கேள்வி சிறியதாகவே தோன்றும். எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் இதனை உரிய காலத்தில் கேளாமல் இருந்ததனால் என் பள்ளியில் ஒரு மாணவியின் படிப்பு நின்றுபோயிற்று. அதனைப் பின்னர்ச் சொல்வேன். முதலில் எங்கள் ஊரைப்பற்றிச் சிறிது கூறுகிறேன்.

நான் பிறந்தது விருத்தாசலத்தை அடுத்த ஒரு சிற்றூரில். வளர்ந்ததும் ஆசிரியப் பணி புரிந்ததும் நெய்வேலிப் பகுதியில். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்பவர் தம் நிலத்தில் நீருக்காகத் துளையிட்டபோது கரிய நிறப் பொருளொன்று நீரோடு வெளிவந்தது. இவ்வூரின் தலையெழுத்தையே மாற்றிய பழுப்பு நிலக்கரி அதுதான். 1956-இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றிற்று. 1957-ஆம் ஆண்டு மே மாதத்தில் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961-இல் நிலக்கரிப் படுகை கண்ணுக்குத் தெரிந்தது. 1962-இல் சோவியத்து நாட்டின் உதவியுடன் அமைந்த அனல்மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியது.

இச்சுரங்கத்தின் நுட்பத்தை நேயர்கள் சிறிது எண்ணிப் பார்க்கவேண்டும். நிலக்கரிப் படுகைக்குக் கீழே நிலத்தடி நீர் பேரழுத்தத்துடன் நிற்கிறது. அந்நீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் தரை பிளந்து வெள்ளம் புகாமல் காக்கலாம். மேல்மண்ணை அகற்றும் பெருஞ்சக்கர எந்திரம், நிலக்கரியைச் சுமந்து செல்லும் கன்வேயர்ப் பட்டை, மின் நிலையத்தின் கொதிகலன் ஆகிய யாவும் ஒன்றோடொன்று பொருந்தி ஓடுகின்றன. ஒன்று நின்றால் மற்றொன்றும் நிற்கும். ஒருங்கிணைப்பு என்னும் சொல்லுக்குப் பொருள் கேட்ட மாணவர்களுக்கு நான் அகராதியைக் காட்டியதில்லை, சுரங்கத்தைத்தான் காட்டினேன்.

குடியிருப்பு நகரியமும் அவ்வாறே திட்டமிட்டு எழுந்தது. வட்டம் வட்டமாக வீடுகள், நேரான சாலைகள், சாலையோரத்தில் நிழல் மரங்கள் என்று அமைந்தது. எனினும் நெய்வேலி நகரியத்துக்குள் வாழ்ந்தோரால் மட்டும் இயங்கவில்லை. மந்தாரக்குப்பம், வடலூர், குறிஞ்சிப்பாடி, பண்ருட்டி, விருத்தாசலம் ஆகிய ஊர்ப் பக்கங்களிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளரும் செவிலியரும் காய்கறிக் கூடைக்காரிகளும் ஆசிரியரும் மாணவரும் நாள்தோறும் வந்து திரும்பினர். கடலூர்–விருத்தாசலம் இருப்புப்பாதையில் உள்ள நெய்வேலி இரயில் நிலையம் குடியிருப்பு வட்டங்களிலிருந்து தள்ளி நிற்கிறது. இரயிலை விட்டு இறங்கியவர்க்குப் பேருந்து வேண்டும். பேருந்தை விட்டு இறங்கியவர்க்குப் பணியிடத்தின் நேரம் பொருந்தவேண்டும். பிள்ளைகளுக்குப் பள்ளியின் நேரம் பொருந்தவேண்டும். இரயிலுக்கு ஒரு கால அட்டவணை, பேருந்துக்கு மற்றொன்று, சுரங்கத்துக்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று. ஒவ்வொன்றும் தனக்குள் ஒழுங்காகவே இருந்தது. அவற்றை இணைக்கும் கண்ணிதான் இல்லை.

இந்நிலை எவ்வாறு வந்தது என்பதை அறிய, தமிழ்நாட்டில் பேருந்து வளர்ந்த வரலாற்றைச் சிறிது பின்னோக்கிப் பார்ப்போம்.

1912-இல் டி. வி. சுந்தரம் ஐயங்கார் மதுரையில் பேருந்துப் பணியைத் தொடங்கினார். 1920-இல் கோவையைச் சேர்ந்த ஜி. டி. நாயுடு ஒரு பேருந்தை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டினார். அந்நாளில் வண்டியின் உரிமையாளரும் அவரே, ஓட்டுநரும் அவரே. பின்னாளில் அவருடைய பேருந்துத் தொழில் பெரிய நிறுவனமாக வளர்ந்தது. நேரந் தவறாமைக்குப் புகழ்பெற்ற அப்பெரியார் வழித்தடத்தை முதலில் கற்றது அலுவலக நாற்காலியில் அன்று, ஓட்டுநர் இருக்கையில். எந்தத் திருப்பத்தில் வண்டி தாமதமாகும், எந்தச் சந்தை நாளில் கூட்டம் மிகும் என்பவற்றை அவர் எவரையும் கேட்டறிய வேண்டியிருக்கவில்லை. வழி வகுப்பவரும் வண்டி ஓட்டுபவரும் ஒருவராகவே இருந்த காலம் அது.

நிறுவனம் வளர வளர இருவரும் வேறாயினர். அது தவிர்க்க முடியாதது. நூறு வண்டிகளை ஒருவர் ஓட்ட இயலாது. ஓட்டுபவர் கூலிக்காரர் ஆனார். வகுப்பவர் அலுவலர் ஆனார். 1939-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் வந்தபின் வழித்தட உரிமமும் நேரமும் அரசு அதிகாரிகளின் கையெழுத்தால் முடிவாயின. சாலையிலிருந்து தாள் வெகுதொலைவு விலகிற்று.

சென்னை நகரத்திலோ இப்பிரிவு இன்னும் முன்பே நிகழ்ந்துவிட்டது. 1895-இல் அங்கே மின்சார டிராம் வண்டி ஓடத் தொடங்கியது. இந்தியாவில் முதன்முதல் மின்சார டிராம் கண்ட நகரம் சென்னையே. தொடக்கமுதலே அது ஒரு கம்பெனியின் உடைமை. 1918-இல் பி. பி. வாடியா அவர்களும் திரு. வி. க. அவர்களும் பிறரும் முன்னின்று சென்னைத் தொழிலாளர் சங்கத்தை வளர்த்தபோது, அடுத்து டிராம் தொழிலாளர்களும் சங்கமாகத் திரண்டனர். கூலிக்காகவும் பணி நேரத்துக்காகவும் மதிப்புக்காகவும் அவர்கள் பேசக் கற்றனர். இது பெரும்பேறு. ஆயினும் டிராம் எந்தத் தெருவில் ஓடவேண்டும், எந்த இரயிலோடு பொருந்தவேண்டும் என்பது தொழிலாளரிடம் கேட்கவேண்டிய பொருள் என்று அக்காலத்தில் யார் எண்ணியிருப்பர்? கம்பெனிக்கு நட்டம் மிகுந்தது. 1953 ஏப்பிரலில் டிராம் நின்றது. அரை நூற்றாண்டுக்கு மேலாக அத்தெருக்களின் நாடியை அறிந்திருந்த கைகள் ஒரே இரவில் வேலையற்றுப்போயின. அவர்கள் அறிந்திருந்தவையும் அவர்களோடே போயின.

இதற்கிடையில் 1947-இல் சென்னை அரசாங்கம் தானே பேருந்து ஓட்டத் தொடங்கிற்று. பின்னர்ப் பேருந்துத் தொழில் படிப்படியாக அரசுடைமையாயிற்று. 1972-இல் சென்னையில் பல்லவன், மதுரையில் பாண்டியன், கோவையில் சேரன், கும்பகோணத்தில் சோழன் என்ற பெயர்களில் போக்குவரத்துக் கழகங்கள் எழுந்தன. 1975-இல் விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் தோன்றிற்று. எங்கள் பகுதிச் சாலைகளில் நெடுங்காலம் காணப்பட்ட பெயர் அதுவே. 1997-இல் இப்பெயர்கள் நீக்கப்பட்டு, யாவும் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்னும் பொதுப்பெயரின்கீழ் வந்தன. உடைமை தனியாரிடமிருந்து பொதுமக்களுக்கு மாறியது. சிற்றூர்தோறும் பேருந்து சென்றது. ஏழைப் பிள்ளைகள் இலவசச் சீட்டில் பள்ளிக்கு வந்தனர். இந்நன்மைகளை நான் என் கண்ணால் கண்டவன்.

உடைமை மாறியபின் தொழிலாளியின் சொல்லுக்கு இடம் கிடைத்ததா? சட்டத்தின் ஏட்டில் கிடைத்தது எனலாம். 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம், நூறு பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களில் இரு தரப்பினரும் அமர்ந்து பேசும் பணிக்குழுக்களுக்கு வழி செய்தது. 2020-இல் இயற்றப்பட்ட தொழிலுறவுச் சட்டத் தொகுப்பும் அவ்வேற்பாட்டைக் கைவிடவில்லை. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளொன்றுக்கு எட்டு மணி, வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி என்று பணிநேரத்துக்குப் பொது அளவு கண்டது. 1976-இல் நிறைவேறிய நாற்பத்திரண்டாம் திருத்தம் அரசியலமைப்பில் 43அ என்னும் பிரிவைச் சேர்த்தது. தொழில் நிறுவனங்களின் நிருவாகத்தில் தொழிலாளர் பங்குபெற அரசு வழிசெய்யவேண்டும் என்பது அதன் கருத்து.

கதவு திறந்திருந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அக்கதவின் வழியாக எது உள்ளே சென்றது? எனக்குப் பழக்கமான ஓட்டுநர்களும் நடத்துநர்களும் கூறியதை வைத்துப் பார்த்தால், சம்பளமும் விடுப்பும் சீருடையும் உணவகமும் சென்றன. அவை செல்லவேண்டியவையே. வழித்தடமும் நேரமும் அரிதாகவே சென்றன. தொழிலாளிக்கு உரிமை உண்டு என்று நாம் ஒப்புக்கொண்டோம். அவனுக்கு அறிவும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத் தயங்கினோம்.

இத்தயக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இலண்டன் மாநகரத்தில் 1930-களின் தொடக்கத்தில் இதே கேள்வி பெரும் வாதமாக எழுந்தது. அங்கே சுரங்க இரயிலும் டிராம் வண்டியும் பேருந்துகளும் பலர் கையில் சிதறிக் கிடந்தன. எல்லாவற்றையும் ஒரே வாரியத்தின்கீழ்க் கொணரவேண்டும் என்று தொழிற்கட்சி அமைச்சர் ஹெர்பர்ட் மாரிசன் சட்டம் வகுத்தார். அப்போது போக்குவரத்துத் தொழிலாளரின் பெருஞ்சங்கத்துக்குத் தலைமை வகித்த எர்னஸ்ட் பெவின், வாரியத்தில் தொழிலாளர்க்குச் சட்டப்படி இடம் வேண்டும் என்றார். பெவின் இளமையில் பிரிஸ்டல் நகரத்தில் வண்டியோட்டிப் பிழைத்தவர். திறமை ஒன்றே வாரிய உறுப்பினர்க்குத் தகுதி. எந்தத் தரப்பின் பேராளரும் அங்கு வேண்டுவதில்லை என்பது மாரிசனின் வாதம். இருவரும் ஒரே கட்சியினர், இருவரும் ஏழைக் குடியிற் பிறந்தவர்கள், நேர்மையாளர்கள்.

1933-இல் இலண்டன் பயணிகள் போக்குவரத்து வாரியம் அமைந்தபோது மாரிசனின் கருத்தே பெரும்பாலும் வென்றது. வாரியம் ஒருங்கிணைப்பில் உலகத்துக்கே முன்மாதிரி ஆயிற்று. எனவே மாரிசன் கூறியதே சரி என்று முடிவு கட்டிவிடலாமா? அவ்வாதத்தை நான் படிக்கும்போதெல்லாம் ஓர் ஐயம் எழுகிறது. திறமைதான் வேண்டும் என்றால், இருபது ஆண்டுகள் ஒரே சாலையில் வண்டி ஓட்டியவர் பெற்றிருப்பதைத் திறமை என்று ஏன் எண்ணவில்லை? அதனை ஒரு தரப்பின் நலன் என்று மட்டும் ஏன் கருதினார்கள்? மாரிசனும் பெவினும் வாரியத்தின் நாற்காலியைப்பற்றி வாதிட்டார்கள். சாலையின் அறிவு அவ்வாரியத்தை எவ்வழியாகச் சென்றடையும் என்பது அவ்வாதத்தின் நடுப்பொருளாக அமையவில்லை.

நமக்கு மிக அண்மையில் உள்ள இலங்கையில் வேறொரு சோதனை நடந்தது. 1958 சனவரி முதல் நாளன்று, பண்டாரநாயக்க பிரதமராக இருந்தபோது, தனியார் பேருந்துகள் நாட்டுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. யாழ்ப்பாணம் முதல் மாத்தறைவரை ஒரே சபையின் பேருந்துகள் ஓடின. 1970-இல் ஐக்கிய முன்னணி அரசு அமைந்தபோது அனில் முனசிங்க சபையின் தலைவரானார். அக்காலத்தில் ஊழியர் மன்றங்கள் அமைக்கப்பட்டு, நிருவாகப் பொருள்களைத் தொழிலாளர் ஆராய்ந்து கருத்துக் கூறும் முறை கொணரப்பட்டது. தன் உச்ச நிலையில் அச்சபையிடம் ஏறத்தாழ 7,000 பேருந்துகளும் 50,000-க்கு மேற்பட்ட ஊழியரும் இருந்தனர்.

அச்சோதனை நீண்டகாலம் நிலைக்கவில்லை. 1977-இல் ஆட்சி மாறியது. 1978-இல் சபை பல வட்டாரச் சபைகளாகப் பிரிந்தது. பின்னர்த் தனியார் பேருந்துகளும் மீண்டும் வந்தன. 2005-இல் வேறொரு சட்டத்தால் மீண்டும் ஒரே சபை உருவாயிற்று. இதிலிருந்து நான் கற்கும் பாடம் ஒன்றுண்டு. ஓர் அரசின் ஆர்வத்தால் மட்டும் நடப்பட்ட நாற்று அவ்வரசு போனால் வாடிவிடும். தொழிலாளரைக் கேட்டல் என்பது அன்றாட வழக்கமாக வேரூன்றவேண்டும். அது கட்சிக்கு உரிய கொள்கையாக மட்டும் நின்றால் போதாது.

இனி, தொடக்கத்தில் நான் சொல்வதாகக் கூறிய செய்திக்கு வருகிறேன்.

2003-ஆம் ஆண்டு. நகரியத்துக்கு வெளியே ஓர் உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியனாகப் பொறுப்பேற்றேன். ஒழுங்கு என்பதில் எனக்குப் பிடிவாதம் மிகுதி. காலை மணி அடித்தபின் வருபவர் வழிபாட்டுக் கூட்டம் முடியும்வரை வாயிலில் நிற்கவேண்டும். அவர்கள் பெயர் தாமதப் பட்டியலில் ஏறும். சில வாரங்களில் ஒன்றைக் கவனித்தேன். பட்டியலில் வருபவர் பெரும்பாலும் ஒரே வழித்தடத்துச் சிற்றூர்ப் பிள்ளைகள். அப்பிள்ளைகள் சோம்பல் மிக்கவர்கள் என்று முடிவு செய்தேன். ஒரே பேருந்தில் வரும் இருபது பிள்ளைகள் ஒரே நாளில் ஒரே அளவுக்குச் சோம்பல் கொள்வது எப்படி என்று எண்ணிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. கணக்கு ஆசிரியனாகப் பயிற்சி பெற்றவன் நான்! இதைச் சொல்ல இன்றும் வெட்கமாக இருக்கிறது.

ஒரு நாள் அப்பேருந்தின் நடத்துநர் பள்ளி வாயிலில் இறங்கி என்னிடம் வந்தார். நடுத்தர வயதினர். தோளில் தோற்பை, கையில் பயணச்சீட்டுக் கட்டு.

"ஐயா, ஒரு வார்த்தை சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே?" என்றார்.

"சொல்லுங்கள்" என்றேன்.

"இந்தப் பிள்ளைகள்மேல் தவறில்லை, ஐயா. எங்கள் வண்டி இரயிலடியில் புறப்படுகிறது. விருத்தாசலத்திலிருந்து வரும் இரயில் ஐந்து நிமிடம் பிந்தினால் நாங்களும் நிற்கிறோம். நிற்கவேண்டும் என்று எங்களுக்கு உத்தரவு இல்லை. நிற்காமல் வந்துவிட்டால் நர்சம்மாக்களும் வேலைக்குப் போகிற பெண்களும் ஒரு மணி நேரம் அங்கேயே கிடப்பார்கள். வழியில் ரயில்வே கேட் ஒன்று இருக்கிறது. சரக்கு வண்டி வந்தால் அதுவும் பத்து நிமிடம். இரயிலுக்கு நின்றால் உங்கள் மணி போகிறது. உங்கள் மணிக்கு ஓடினால் இரயில் போகிறது. எங்கள் வண்டியை முன்னதாக எடுக்கச் சொல்லி மாற்ற எங்களுக்கு அதிகாரமில்லை. உங்கள் மணியைக் கால் மணி நேரம் தள்ளி அடிக்க உங்களுக்கு அதிகாரம் இருக்கிறதா, ஐயா?"

நான் சிறிது நேரம் பேசாமல் நின்றேன். இரயிலையும் பேருந்தையும் பள்ளியையும் ஒரே பார்வையில் சேர்த்துப் பார்த்த முதல் மனிதர் அவர்தாம். எங்கள் பகுதியின் ஒருங்கிணைந்த போக்குவரத்துத் திட்டம் எந்த அலுவலகத்திலும் இல்லை. அது அந்த நடத்துநரின் தலையில் இருந்தது. அவரும் ஓட்டுநரும் தம் பொறுப்பில், தாமதத்துக்குரிய கண்டனத்தைத் தாங்கிக்கொண்டு, நாள்தோறும் அதனை நடத்திவந்தார்கள். தாளில் அது தாமதம் என்று பதிவாயிற்று. இரயிலடியில் நின்ற பெண்களுக்கோ அது பெரும் உதவி.

பெற்றோரையும் ஆசிரியர்களையும் கூட்டிப் பேசி, மேலதிகாரியின் இசைவும் பெற்று, பள்ளி மணியைப் பதினைந்து நிமிடம் தள்ளினோம். ஒரு திங்களுக்குள் தாமதப் பட்டியல் ஏறக்குறைய வெறுந்தாள் ஆயிற்று. இதுவரை சொன்னது மகிழ்ச்சியான கதை.

மகிழ்ச்சியற்றதையும் சொல்லியாகவேண்டும். அவர் வருவதற்கு இரண்டு மாதம் முன்பே, அவ்வழித்தடத்தில் வந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். நன்றாகப் படிக்கும் பெண். மணி மாறிய செய்தியைச் சொல்லி அழைத்துவர அவள் வீட்டுக்குச் சென்றேன். அவள் தந்தை என்னை மரியாதையோடு திண்ணையில் அமரச்செய்தார். "தினமும் வாசலில் நிறுத்தி நாலு பேர் பார்க்க அவமானப்படுத்துகிற இடத்துக்குப் பெண்பிள்ளையை எப்படி அனுப்புவது, ஐயா? முந்திரிக் கொட்டை உடைக்கப் போகிறாள். கல்யாணமும் பேசியாகிவிட்டது" என்றார். என்னிடம் விடையில்லை. பேருந்து தாமதித்தது அவள் குற்றமன்று; ஓட்டுநர் குற்றமுமன்று. கேட்கவேண்டியவரைக் கேளாமல் தண்டனை வகுத்தது என் குற்றம். முப்பதுக்கு மேற்பட்ட ஆண்டுப் பணியில் என்னைவிட்டு நீங்காத நினைவு இதுவே.

நேயர்களே, அலுவலகங்களில் அறிவில்லை என்று நான் கூறவரவில்லை. எந்த வகையான அறிவு எங்கே தங்குகிறது என்பதே கேள்வி. நடத்துநர் ஒவ்வொரு நடை முடிவிலும் 'வே-பில்' என்னும் கணக்குத் தாளை எழுதினார். எந்த நிறுத்தத்திலிருந்து எத்தனை பயணச்சீட்டு விற்றது என்பது அதில் இருந்தது. இக்காலத்தில் கைக்கருவி அதனைத் தானே பதிந்துவிடுகிறது. அலுவலகம் அந்த எண்களைக் கூட்டிப் பார்த்து வழித்தடத்தின் வருவாயை அறியும். ஆனால் அக்கணக்கில் ஏறியவர் மட்டுமே உண்டு. இடமின்றி ஏற முடியாமல் நின்றவர் இல்லை. கைகாட்டியும் வண்டி நிற்காததால் திரும்பிச் சென்ற கிழவி இல்லை. இணைப்புப் பேருந்து கிடைக்காது என்றெண்ணி வீட்டைவிட்டே புறப்படாத பெண் இல்லை. அவர்களைக் கண்டவர் இருவரே: கண்ணாடியில் பார்த்த ஓட்டுநரும், படியில் நின்ற நடத்துநரும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் முன்னோர் சொன்னது இதற்கும் பொருந்தும்.

இதற்கு மறுப்பும் உண்டு. அதனை மறைத்தல் ஆசிரியனுக்கு அழகன்று. தொழிலாளரும் மனிதர்கள், தமக்கு எளிதான வழித்தடத்தையே அவர்களும் விரும்பக்கூடும். ஓர் ஓட்டுநர் தம் சாலையை அறிவார். மாவட்டம் முழுவதையும் அறியார். வரவும் செலவும், புதிய ஊர்களின் வளர்ச்சியும், பிற வழித்தடங்களின் தேவையும் அலுவலகத்துக்கே தெரியும். ஆகவே ஓட்டுநர் சொன்னதெல்லாம் சட்டமாகவேண்டும் என்பது என் கருத்தன்று. அந்த நடத்துநர்கூட எனக்குக் கட்டளையிடவில்லை. தாம் அறிந்ததைக் கூறி, எனக்கு அதிகாரம் உண்டா என்று கேட்டார். முடிவு என்னுடையதாகவே இருந்தது. ஆனால் அவர் வந்தபின் நான் எடுத்த முடிவும் அதற்கு முன் எடுத்த முடிவும் ஒன்றல்ல.

இன்று காலம் கனிந்திருக்கிறது. சென்னையில் பேருந்து, புறநகர் இரயில், மெட்ரோ ஆகியவற்றை இணைத்துத் திட்டமிடுவதற்கென்று 2010-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டு, ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் அமைக்கப்பட்டுள்ளது. 2025-இல் இம்மூன்றிலும் ஒரே சீட்டில் பயணம் செய்யக் கைப்பேசிச் செயலி ஒன்றும் வந்துவிட்டது. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிச் செல்கின்றனர். இவை பாராட்டத்தக்கவை. ஒரே சீட்டு வந்ததைப் போல ஒரே மேசையும் வரவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

அதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. கால அட்டவணையை மாற்றுமுன் அதன் வரைவை அந்தப் பணிமனையின் ஓட்டுநர், நடத்துநரிடம் காட்டலாம். ஆறு திங்களுக்கு ஒருமுறை இரயில் நிலைய அதிகாரி, பேருந்துப் பணியாளர், ஆலை அலுவலர், பள்ளித் தலைமையாசிரியர், பயணிகள் ஆகியோரை ஓரிடத்தில் அமர்த்திப் பேசச் செய்யலாம். கணக்குத் தாளில் ஏறாமல் நின்றவர்களைக் குறிக்கவும் ஓர் இடம் ஒதுக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, கூறப்பட்ட யோசனை ஏற்கப்பட்டதா, இல்லையா, ஏன் என்பதைக் கூறியவர்க்குத் திருப்பிச் சொல்லவேண்டும். விடை வராத கேள்வியை இரண்டாம் முறை எந்த மாணவனும் கேட்பதில்லை, தொழிலாளியும் அவ்வாறே.

நெய்வேலியில் சுரங்கத்து நீரை இறைக்கும் எந்திரம் இன்றும் இரவு பகலாக ஓடுகிறது. அது ஓடுவதை எவரும் கவனிப்பதில்லை. நின்றால்தான் ஊர் முழுவதும் அறியும். பேருந்துத் தொழிலாளியின் அறிவும் அத்தகையது. நாளைக் காலை நீங்கள் பேருந்தில் ஏறும்போது, வண்டி ஐந்து நிமிடம் பிந்தி வந்திருந்தால், கடிந்துகொள்ளுமுன் ஏன் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். நான் உரிய காலத்தில் கேட்டிருந்தால் ஒரு பெண் பத்தாம் வகுப்பை எழுதியிருப்பாள்.